எக்செல் பூட்டு மேக்ரோ மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துச் சிறு நிறுவனங்களில் எக்செல் கோப்புகளைப் பழுது பார்ப்பது என் வேலை. ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டில் வருகைப் பதிவும் பீஸ் கூலியும் ஒரே கோப்பில் இருக்கும். லுங்கி வியாபாரியிடம் நூல் இருப்பும் தறிக்காரர் பாக்கியும் ஒரே கோப்பில் இருக்கும். ஃபார்முலா உள்ள கட்டங்களில் யார் விரலும் தவறிப் படாமலிருக்க, ஷீட்டைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டவும் திறக்கவும் ஒரு மேக்ரோவும் (எக்செல் தானாகச் செய்ய எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு) அதற்குள் இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். சனிக்கிழமை மதியம் அந்த மேக்ரோ நின்றால் கூலிப் பட்டுவாடாவும் நின்றுவிடுகிறது.

திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிவது எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ, நேராக அங்கே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும். மேக்ரோவின் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். மேக்ரோவை எழுதும் ஜன்னலான எடிட்டரில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

## எதையும் தொடும் முன்

கோப்பை நகல் எடுத்து, பெயரோடு அன்றைய தேதியைச் சேர்த்து, வேறு ஃபோல்டரில் வையுங்கள். சோதனை முழுவதும் நகலில்தான். அவசரத்தில் அசலிலேயே கை வைத்து, ஒரு மாதக் கூலிக் கணக்கைத் திரும்பத் தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எந்தப் பூட்டு என்று கண்டுபிடியுங்கள். நான்கு பூட்டுகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

- கோப்பைத் திறக்கும்போதே பாஸ்வேர்ட் கேட்டால், அது கோப்புப் பூட்டு.
- கோப்பு திறந்த பிறகு கட்டத்தில் தட்டும்போது மறுத்தால், அது ஷீட் பூட்டு.
- கட்டத்தில் தட்ட முடிகிறது, ஆனால் கீழே ஷீட் பெயரை வலது கிளிக் செய்தால் இன்சர்ட், டெலீட், ரீநேம் எல்லாம் மங்கலாக இருக்கின்றன என்றால், அது ஒர்க்புக் அமைப்புப் பூட்டு.
- ஆல்ட்-எஃப்11 அழுத்தி எடிட்டருக்குள் போய், ப்ராஜெக்டை விரிக்கும்போது கேட்டால், அது மேக்ரோ ப்ராஜெக்ட் பூட்டு.

நான்குக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தொலைபேசியில் யோசனை கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

## "பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை"

மேலே சிவப்புப் பட்டை தெரிகிறது. கோப்பு வாட்ஸ்அப் வெப் வழியாகவோ மின்னஞ்சலிலோ வந்திருக்கிறது. இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. எக்செலை மூடுங்கள். கோப்பை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். ஜெனரல் பக்கத்தின் அடியில் 'அன்பிளாக்' என்ற இடத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். அனுப்பியவர் யார், மேக்ரோ எதற்கு என்று தெரிந்த கோப்புக்கு மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஆடிட்டரிடமிருந்து மாதாமாதம் இதே கோப்பு வருகிறதா? தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ஃபைல், ஆப்ஷன்ஸ், ட்ரஸ்ட் சென்டர் வழியாக 'ட்ரஸ்டட் லொகேஷன்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. வரும் குப்பையெல்லாம் கேள்வியின்றி ஓடத் தொடங்கிவிடும்.

மஞ்சள் பட்டை தெரிகிறது. 'எனேபிள் கன்டென்ட்' அழுத்துங்கள்.

பட்டையே இல்லை. கோப்புப் பெயரின் முடிவைப் பாருங்கள். எக்ஸ்எல்எஸ்எம் என்றிருந்தால் மேக்ரோ உள்ள கோப்பு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றிருந்தால் யாரோ 'சேவ் ஆஸ்' செய்தபோது மேக்ரோ உதிர்ந்துவிட்டது. எக்செல் அப்போது எச்சரித்திருக்கும். படிக்காமல் 'எஸ்' அழுத்தியிருப்பார்கள். அந்தக் கோப்பிலிருந்து மேக்ரோவை மீட்க வழியில்லை. பழைய நகலைத் தேடுங்கள்.

கைப்பேசியிலோ பிரவுசரிலோ திறந்திருக்கிறீர்கள். அங்கே இந்த மேக்ரோக்கள் ஓடாது. கூகுள் ஷீட்ஸிலும் ஓடாது. லிப்ரே ஆஃபிஸில் சில வரிகள் ஓடும், சில ஓடாது. கூலிக் கணக்கை அதை நம்பி விடாதீர்கள்.

பொத்தான் வேலை செய்கிறது, கோப்பைத் திறந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டியது மட்டும் நடக்கவில்லை. 'ஒர்க்புக்_ஓப்பன்' என்ற மேக்ரோ 'திஸ்ஒர்க்புக்' பகுதிக்குள் இருக்க வேண்டும். சாதாரண மாட்யூலில் (மேக்ரோ எழுதும் பக்கத்தில்) இருந்தால் எக்செல் அதைக் கண்டுகொள்ளாது. இடம் சரி என்றால், முன்பு ஓடிய வேறொரு மேக்ரோ 'இவென்ட்ஸ்' என்ற நிகழ்வுகளை (கோப்பு திறப்பது போன்றவற்றுக்குத் தானாக மேக்ரோ ஓடும் ஏற்பாட்டை) நிறுத்திவிட்டு மீண்டும் இயக்காமல் போயிருக்கும். எடிட்டரில் கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் 'இமீடியட்' ஜன்னல் திறக்கும். அதில் 'அப்ளிகேஷன்.எனேபிள்இவென்ட்ஸ் = ட்ரூ' என்று தட்டி என்டர் கொடுங்கள். எக்செலை முழுவதும் மூடித் திறந்தாலும் இது சரியாகிவிடும்.

## "சரியான பாஸ்வேர்டைத்தான் அடிக்கிறேன், தவறு என்கிறது"

எனக்கு வரும் அழைப்புகளில் இதில்தான் மக்கள் அதிகம் பதறுகிறார்கள். யாரோ திருட்டுத்தனமாக மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரரைச் சந்தேகிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது. அந்த முடிவுக்கு வரும் முன் இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

விசைப்பலகை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: தமிழ்த் தட்டச்சு இயங்கிக்கொண்டிருக்கலாம். கடிதம் அடித்துவிட்டுத் தமிழ்99 விசைப்பலகையை அணைக்காமல் பாஸ்வேர்ட் பெட்டிக்கு வந்தால், உள்ளே விழுவது தமிழ் எழுத்து. நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரிவதால் கண்ணுக்குப் புலப்படாது. பாஸ்வேர்டை முதலில் ஒரு காலி நோட்பேடில் அடித்துப் பாருங்கள். என்ன விழுகிறது என்று தெரிந்துவிடும். பூட்டும்போது தமிழ் விசைப்பலகை இயங்கியிருக்கக்கூடும் என்று தோன்றினால், அதை இயக்கிக்கொண்டு அதே விசைகளை அழுத்திப் பாருங்கள்.

முன்னால் நிற்கும் பூஜ்யம். வேலூரின் எஸ்.டி.டி. எண் 0416. அதையே பாஸ்வேர்டாக வைத்திருக்கும் கோப்புகள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. கையால் 0416 என்று பூட்டிவிட்டு, மேக்ரோ படித்துக்கொள்ளட்டும் என்று அதே எண்ணை ஒரு கட்டத்தில் எழுதி வைக்கிறார்கள். கட்டத்தில் எண்ணாகத் தட்டினால் எக்செல் அதை 416 ஆக்கிவிடும். மேக்ரோ 416 என்று கேட்கும், ஷீட் 0416 என்று காத்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடியின் 04174-க்கும் இதே கதிதான். மேற்கோள் குறியில்லாமல் மேக்ரோ வரியிலேயே எழுதினாலும் எடிட்டர் பூஜ்யத்தைத் தின்றுவிடும். அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றி மீண்டும் தட்டுங்கள். மேக்ரோ வரியில் இரட்டை மேற்கோள் போடுங்கள். கையோடு அந்தப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ஊர்க்காரர் எவரும் முதலில் அடித்துப் பார்ப்பது எஸ்.டி.டி. எண்ணும் 632001 என்ற பின்கோடும்தான்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும். கையால் தட்டிப் பாருங்கள்.

மேக்ரோ திறக்கிறது, கையால் திறக்க முடியவில்லை. இந்த அறிகுறி வந்தால் மேக்ரோவின் பூட்டு வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'ப்ரொடெக்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'பாஸ்வேர்ட்' என்று வந்து, அதன் பின் முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்து := என்று இருக்க வேண்டும். முக்காற்புள்ளி விட்டுப்போய் வெறும் = இருந்தால் பொருளே மாறிவிடுகிறது. அந்த வரி பாஸ்வேர்டைக் கொடுப்பதாக எக்செல் எடுத்துக்கொள்ளாது. 'பாஸ்வேர்ட் என்ற பெயருள்ள மாறியும் (மேக்ரோ ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) இந்தச் சொல்லும் ஒன்றா?' என்று ஒப்பிட்டுப் பார்க்கும். மாறி காலியாக இருப்பதால் 'இல்லை' என்பதே விடை. அந்த விடையே பாஸ்வேர்டாகப் போய் உட்கார்ந்துவிடும். அதாவது உங்கள் ஷீட்டின் பாஸ்வேர்ட் இப்போது ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ்' என்ற சொல்: முதல் எழுத்து பெரியது, மற்ற நான்கும் சிறியவை. திறக்கும் வரியிலும் அதே பிழை இருந்தால் மேக்ரோ ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். கையால் திறக்கப் போகும் நாளில்தான் வெளிப்படும்.

அந்தச் சொல்லை அடித்துத் திறங்கள். இரண்டு வரிகளிலும் முக்காற்புள்ளியைச் சேருங்கள். ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்று எழுதிவிடுங்கள். அது இருந்தால் இப்படிப்பட்ட வரியை எடிட்டர் ஓடவே விடாது.

இவை எதுவும் இல்லை. பாஸ்வேர்ட் உண்மையிலேயே மாறியிருக்கிறது. மறந்துபோன பாஸ்வேர்ட் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## "பாதியில் 1004 என்று சொல்லி நிற்கிறது"

1004 என்பது எக்செலில் பல பிழைகளுக்கும் பொதுவான எண். எண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது. 'டீபக்' அழுத்துங்கள், நின்ற வரி மஞ்சளாகத் தெரியும். அந்த வரி என்ன செய்ய முயல்கிறது என்பதைப் பொறுத்துக் கிளை பிரியுங்கள்.

ஒரு கட்டத்தில் மதிப்பை எழுத முயல்கிறது. ஷீட் பூட்டியிருக்கிறது, மேக்ரோவுக்கும் சேர்த்தே பூட்டியிருக்கிறது. பூட்டும் வரியில் 'யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி' என்பதை 'ட்ரூ' என்று கொடுத்தால் மனிதர் கைக்கு மட்டும் பூட்டு, மேக்ரோவுக்கு வழி உண்டு. ஆனால் இந்தச் சலுகை கோப்போடு சேமிக்கப்படுவதில்லை. கோப்பை மூடித் திறந்தால் பூட்டு இருக்கும், சலுகை போயிருக்கும். "நேற்று முழுவதும் ஓடியது, இன்று காலை நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

சோதிக்க: இமீடியட் ஜன்னலில் கேள்விக்குறி போட்டு 'ஆக்டிவ்ஷீட்.ப்ரொடெக்ஷன்மோட்' என்று தட்டுங்கள். 'ஃபால்ஸ்' என்று வந்தால் சலுகை இல்லை. தீர்வு: 'ஒர்க்புக்_ஓப்பன்' மேக்ரோவில் ஒவ்வொரு ஷீட்டையும் இந்தத் தேர்வோடு மீண்டும் பூட்ட வேண்டும். பிளஸ், மைனஸ் குறிகளால் வரிசைகளை விரித்து மடக்கும் ஷீட்டாக இருந்தால் 'எனேபிள்அவுட்லைனிங்' என்பதையும் அங்கேயே 'ட்ரூ' ஆக்குங்கள். அதுவும் சேமிக்கப்படாத இனம்.

சலுகை இருக்கிறது, இருந்தும் நிற்கிறது. டேபிளாக மாற்றிய பகுதியில் புது வரிசை சேர்க்க முயல்கிறதா, பிவட்டை (தொகுத்துக் காட்டும் அட்டவணையை) புதுப்பிக்க முயல்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு அந்தச் சலுகையை நம்ப வேண்டாம். பூட்டைத் திறந்து, வேலையை முடித்து, மீண்டும் பூட்டுவதுதான் சரி.

'லாக்ட்' என்ற பண்பை மாற்ற முயல்கிறது. ஷீட் இன்னும் பூட்டியிருக்கிறது, அல்லது ஒட்டவைத்த கட்டங்களில் ஒரு துண்டை மட்டும் பிடித்து மாற்றப் பார்க்கிறது. கூலிப் பட்டியலின் தலைப்பில் நிறுவனப் பெயருக்காக 'மெர்ஜ்' செய்த கட்டங்கள் அநேகமாக இருக்கும். முழு ஒட்டுக்கும் சேர்த்து 'மெர்ஜ்ஏரியா' வழியாக மாற்றுங்கள்.

புது மாதத்துக்கு ஷீட் சேர்க்கவோ பெயர் மாற்றவோ முயல்கிறது. ஒர்க்புக் அமைப்புப் பூட்டு குறுக்கே நிற்கிறது. ஷீட்டைத் திறந்து பயனில்லை, 'திஸ்ஒர்க்புக்.அன்ப்ரொடெக்ட்' வேண்டும். சென்ற மாத ஷீட்டை நகலெடுத்துப் புது மாதம் உருவாக்கும் வழக்கம் இருந்தால், நகலும் அதே பாஸ்வேர்டோடு பூட்டியே பிறக்கும். நகலெடுத்த உடனே அந்த ஷீட்டுக்கும் பூட்டு மேக்ரோவை ஒரு முறை ஓட்டுங்கள்.

கோப்பின் தலைப்பில் 'ஷேர்ட்' என்று தெரிகிறது. பழைய பாணிப் பகிர்வில் இருக்கும் கோப்பில் ஷீட்டைப் பூட்டவோ திறக்கவோ இயலாது. பகிர்வை நிறுத்தினால்தான் வழி.

'அன்ப்ரொடெக்ட்' வரியிலேயே நிற்கிறது. பாஸ்வேர்ட் தவறு. மேலே பாஸ்வேர்ட் தவறு என்னும் பகுதிக்குப் போங்கள்.

## "ஷீட் பெயரைத் தமிழில் மாற்றினேன், பிழை 9 வருகிறது"

எடிட்டரில் இடப்பக்கப் பட்டியலைப் பாருங்கள். 'சம்பளம்' என்ற ஷீட்டின் பெயர் அங்கே கேள்விக்குறி வரிசையாகத் தெரியும். எக்செலுக்கு யுனிகோட் தமிழ் நன்றாகத் தெரியும். மேக்ரோ எடிட்டருக்குத் தெரியாது. மேக்ரோ வரிக்குள் தமிழில் ஷீட் பெயரைத் தட்டினால் அங்கும் கேள்விக்குறிகளே விழும். கேள்விக்குறிப் பெயரில் ஷீட் எதுவும் இல்லாததால் பிழை 9.

இதற்காக ஷீட் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம். கூலி வாங்குபவர் படிக்க வேண்டியது தமிழில்தான் இருக்க வேண்டும். மேக்ரோவின் வசதிக்காக அதை விட்டுக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு ஷீட்டுக்கும் எடிட்டரில் இன்னொரு உள்பெயர் உண்டு. இடப்பட்டியலில் கேள்விக்குறிகளுக்கு முன்னால், ஷீட்1, ஷீட்2 என்று ஆங்கிலத்தில் தெரிவது அதுதான். எஃப்4 அழுத்திப் பண்புப் பட்டியலில் அதற்குப் புரியும்படி ஓர் ஆங்கிலப் பெயர் வையுங்கள். மேக்ரோவில் அந்த உள்பெயரையே பயன்படுத்துங்கள். வெளியே பெயர் எத்தனை முறை மாறினாலும் மேக்ரோ நிற்காது.

இதே காரணத்தால் தமிழில் பாஸ்வேர்ட் வைத்துவிட்டு அதை மேக்ரோவில் எழுத முடியாது. 'மெசேஜ்பாக்ஸ்' வழியாகத் தமிழில் அறிவிப்புக் காட்டவும் முடியாது, அங்கும் கேள்விக்குறிகள்தான். அறிவிப்பு தமிழில் வேண்டுமென்றால் ஷீட்டின் மேற்புறம் ஒரு கட்டத்தில் முன்பே தட்டி வைத்து, மேக்ரோ அந்த வரிசையை மறைத்தும் காட்டியும் வரும்படி செய்யுங்கள்.

## "மேக்ரோ ஓடிய பிறகு ஃபில்டரும் வேலை செய்யவில்லை, நெடுவரிசையின் அகலமும் மாறவில்லை"

கையால் பூட்டும்போது பெட்டியில் ஃபில்டர், வரிசைப்படுத்தல், அகலம் மாற்றல் என்று டிக் போட்டு அனுமதித்திருப்பீர்கள். மேக்ரோ திறந்துவிட்டு, பாஸ்வேர்டை மட்டும் சொல்லி மீண்டும் பூட்டியிருக்கிறது. 'ப்ரொடெக்ட்' கட்டளைக்கு மொத்தம் 16 தேர்வுகள். சொல்லாமல் விட்ட அனுமதிகளெல்லாம் 'இல்லை' என்றே கொள்ளப்படும். முன்பு இருந்ததை எக்செல் நினைவில் வைத்துக்கொள்ளாது. பூட்டும் வரியில் 'அலவ்ஃபில்டரிங்', 'அலவ்ஃபார்மட்டிங்காலம்ஸ்' என்று வேண்டியதை எல்லாம் எழுதியாக வேண்டும்.

எழுதிய பிறகும் ஃபில்டர் வரவில்லையா? பூட்டும் முன்பே ஃபில்டர் அம்புக்குறிகள் தலைப்பு வரிசையில் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு புதிதாகப் போட முடியாது. வரிசைப்படுத்தல் மட்டும் மறுத்தால், அந்தப் பகுதியில் ஒரு கட்டமாவது 'லாக்ட்' நிலையில் இருக்கிறது. அனுமதி கொடுத்திருந்தாலும், பூட்டிய கட்டங்களை எக்செல் இடம் மாற்றாது.

ஒரு கோப்பில் பூட்டும் வரி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூட்டுவதற்கு ஒரு மேக்ரோ, திறப்பதற்கு ஒரு மேக்ரோ, பாஸ்வேர்டுக்கு ஒரே ஒரு மாறிலி (மாறாத மதிப்பு). மற்ற மேக்ரோக்கள் எல்லாம் இந்த இரண்டையும் அழைக்கட்டும். ஆளாளுக்கு அங்கங்கே பூட்டும் வரிகளை எழுதிய கோப்பில், ஓரிடத்தில் திருத்தினால் இன்னோர் இடத்தில் பழுது முளைக்கிறது.

## "மேக்ரோ முடிந்த பிறகு ஷீட் திறந்தே கிடக்கிறது"

மற்ற பழுதுகள் வேலையை நிறுத்துகின்றன. இது கணக்கைக் கெடுக்கிறது. ஷீட் திறந்திருப்பது யாருக்கும் தெரியாது. இ.எஸ்.ஐ. நெடுவரிசையில் 0.75 சதவீதம் கணக்கிடும் ஃபார்முலாவின் மேல் ஒருவர் கையால் ஒரு தொகையைத் தட்டிவிடுவார். அடுத்த மாதம் சம்பளம் மாறியிருக்கும், பிடித்தம் மாறியிருக்காது. தொழிலாளி கேட்கும்வரை அது தெரியாது.

காரணம் எளிது: திறந்த பிறகு நடுவில் ஏதோ பிழை வந்து, மேக்ரோ பூட்டும் வரியை எட்டாமலேயே நின்றிருக்கிறது. பிழைப் பெட்டியில் 'எண்ட்' அழுத்தியவர் வேலை முடிந்ததாக நினைத்திருப்பார். ஒன்டிரைவில் 'ஆட்டோசேவ்' இயங்கினால் திறந்த நிலையே சேமிக்கப்பட்டும் போகும்.

மேக்ரோவின் தொடக்கத்தில் 'ஆன் எரர் கோடூ' என்று எழுதி, கடைசியில் ஒரு முடிவுப் பகுதிக்கு அனுப்புங்கள். வேலை ஒழுங்காக முடிந்தாலும் பிழையில் நின்றாலும் கட்டுப்பாடு அந்தப் பகுதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். பூட்டும் அழைப்பு அங்கே இருக்க வேண்டும். பிழையின் எண்ணையும் விளக்கத்தையும் பூட்டும் முன்பே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு கேட்டால் அந்த விவரம் அழிந்திருக்கலாம்.

'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி போட்டுப் பிழையை வாயடைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பூட்டு மேக்ரோவில் அதை வைக்காதீர்கள். திறக்க முடியாமல் போனதும் தெரியாது, பூட்ட முடியாமல் போனதும் தெரியாது.

தினமும் சோதிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு ஷீட்டின் 'ப்ரொடெக்ட்கன்டென்ட்ஸ்' மதிப்பைப் படித்து, திறந்திருக்கும் ஷீட்டின் தாவலுக்குச் சிவப்பு நிறம் பூசும் சிறு மேக்ரோவைக் கோப்பு மூடும் நேரத்தில் ஓட்டுங்கள். கூலி போடுபவர் கண்ணில் படாமல் போகாது.

## "நேற்றுவரை தட்டிய கட்டத்தில் இன்று தட்ட முடியவில்லை"

பூட்டும் மேக்ரோவின் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கட்டத்தில் யாரோ வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எக்செலில் எல்லாக் கட்டங்களும் பிறவியிலேயே 'லாக்ட்'. அப்படிப்பட்ட கட்டத்தை நகலெடுத்து, தட்ட அனுமதித்த கட்டத்தில் ஒட்டினால் மதிப்போடு அந்தப் பூட்டுக் குணமும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மறுகணம் அந்தக் கட்டம் கைக்கு எட்டாது.

ஒட்டும்போது 'பேஸ்ட் வேல்யூஸ்' மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். மனிதர் மறப்பார் என்பதால், பூட்டும் மேக்ரோவிலேயே பூட்டுவதற்கு முன்னால், தட்ட வேண்டிய பகுதியின் 'லாக்ட்' பண்பை 'ஃபால்ஸ்' ஆக்கும் வரி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

## "ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்"

எக்செல் 2013 முதல் ஷீட் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கணக்கு வேண்டுமென்றே கனமாக்கப்பட்டிருக்கிறது. ஒரு முறை பூட்டவோ திறக்கவோ 1 லட்சம் சுற்றுக் கணக்கு நடக்கிறது. ஒவ்வொரு தொழிலாளியின் வரிசைக்கும் ஒரு முறை திறந்து மூடும்படி சுழற்சிக்குள் எழுதியிருந்தால் தாங்காது. சுழற்சிக்கு முன் ஒரு முறை திறந்து, பின் ஒரு முறை பூட்டுங்கள். பழைய கணினியைக் குறை சொல்லிப் புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

## "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்"

முதலில் அவருக்குத் தொலைபேசி செய்யுங்கள். மனவருத்தத்தோடு போனவராக இருந்தாலும் மரியாதையாகக் கேட்டால் பலர் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து, மேக்ரோ ப்ராஜெக்ட் பூட்டாமல் இருக்கிறதா என்று ஆல்ட்-எஃப்11 அழுத்திப் பாருங்கள். பாஸ்வேர்ட் பெரும்பாலும் அங்கே, பூட்டும் வரியிலேயே, அப்பட்டமாக எழுதியிருக்கும். அதற்குப் பிறகு பழைய நகல்கள்.

ஷீட் பூட்டு அல்லது அமைப்புப் பூட்டு. நிறுவனத்தின் சொந்தக் கோப்பாக இருந்தால் கவலை வேண்டாம். இது விரல் தவறுவதைத் தடுக்கும் ஏற்பாடு. ரகசியம் காக்கும் பெட்டகமாக எக்செல் இதை வடிவமைக்கவில்லை. தெரிந்த நிபுணர் கோப்பின் உள்ளமைப்பில் பூட்டுக் குறிப்பை நீக்கி விரைவில் திறந்துவிடுவார். எல்லாப் பாஸ்வேர்டையும் உடைக்கும் என்று கைமாறும் பழைய மேக்ரோ ஒன்று உண்டு. அது எக்செல் 2010-உம் அதற்கு முந்தையவையும் பூட்டிய ஷீட்டுக்கு மட்டும் பலிக்கும். 2013-க்குப் பின் பூட்டியவற்றில் மணிக்கணக்கில் சுற்றினாலும் பலன் இல்லை.

இவ்வளவு எளிதில் திறக்கும் பூட்டை நம்பித் தொழிலாளரின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மறைத்த நெடுவரிசையில் வைத்திருப்பது தவறு. அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றி, அதற்குக் கோப்புப் பூட்டு போடுங்கள்.

கோப்புப் பூட்டு. 2007-க்குப் பிந்தைய எக்செலில் இது முழுக் கோப்பையும் மறையீடு செய்துவிடுகிறது (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது). பாஸ்வேர்ட் நீளமாகவும் யூகிக்க முடியாததாகவும் இருந்தால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. முன்பணம் கேட்டு உறுதி கொடுப்பவரை நம்பாதீர்கள். பழைய நகலையும் அச்சிட்ட பட்டியல்களையும் வைத்துக் கணக்கை மீண்டும் எழுதுவதுதான் பெரும்பாலும் குறைந்த செலவு.

எந்தப் பூட்டாக இருந்தாலும், திறந்து தருகிறோம் என்னும் இணையதளங்களில் கூலிக் கோப்பை ஏற்றாதீர்கள். அதில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமில்லை. உங்களிடம் வேலை செய்பவர்களின் பெயரும் சம்பளமும் வங்கிக் கணக்கும் அதில் இருக்கின்றன.

## நிபுணரை எப்போது அழைப்பது

மேக்ரோ ப்ராஜெக்டே பூட்டியிருந்து பாஸ்வேர்ட் கிடைக்கவில்லை என்றால் அழையுங்கள். 1004 ஒரே வரியில் வராமல் ஒவ்வொரு முறையும் வேறு வரியில் வந்தால் அழையுங்கள். கோப்பே சிதையத் தொடங்கியிருக்கலாம். திறக்கும்போது 'ரிப்பேர்' செய்யட்டுமா என்று எக்செல் கேட்டால், ஒப்புக்கொள்ளாமல் மூடிவிட்டு அழையுங்கள். பிடித்தத் தொகைகள் தவறிப்போய், எந்த மாதத்திலிருந்து என்று தெரியவில்லை என்றால் கணினிக்காரருக்கு முன் உங்கள் ஆடிட்டரை அழையுங்கள்.

வருபவரிடம் மஞ்சள் வரியின் படம், எக்செல் பதிப்பு, கடைசியாக ஒழுங்காக ஓடிய நாளின் நகல் ஆகிய மூன்றையும் கொடுத்தால் பாதி நேரம் மிச்சம். கோப்பை வெளியே எடுத்துப் போக வேண்டுமென்றால் பெயர்களையும் கணக்கு எண்களையும் மாற்றிய நகலைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் பூட்டும் மேக்ரோவை அச்சிட்ட தாளையும் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் எழுதி வாங்கி, முதலாளியின் பீரோவில் வைத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.